குளச்சலில் ஒரு பகலுணவு



உங்கள் தாயாரை நீங்கள் கடைசியாக எந்த உணவகத்திற்கு அழைத்துச் சென்றீர்கள்? திருமண மண்டபத்துப் பந்தியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மருத்துவமனை வாசலில் வாங்கிக் கொடுத்த தேநீரையும் விட்டுவிடுங்கள். ஒரு கடைக்குள் அழைத்துச் சென்று, நாற்காலியில் அமர்த்தி, "என்ன வேண்டும் உம்மா?" என்று கேட்ட நாளைச் சொல்லுங்கள். சென்ற மே மாதம் வரை என்னிடம் இதற்குப் பதில் இல்லை. மத்ரஸாவில் பிள்ளைகளுக்குத் தாயின் உரிமைகளைப் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவன் நான்!

திண்டுக்கல்லில் வாழும் என் தங்கையும் அவள் கணவரும் கோடை விடுமுறைக்கு வந்திருந்தார்கள். "கன்னியாகுமரிக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டு, அங்கேயே மீன் சாப்பாடு சாப்பிட்டுவிடுவோம் மச்சான்" என்றார் அவர். வெளியூர் விருந்தினர் அனைவரும் சொல்வதுதான். நான் அவரை மேற்கே திருப்பினேன். காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்திற்கு இரண்டு கடற்கரைகள்; மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு அரசு விதிக்கும் தடைக்காலமும் இரண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது. சின்னமுட்டம் துறைமுகம் அந்தக் கணக்கில் சேரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் அந்தக் கணக்கில். ஆகவே மே மாதத்தில் சின்னமுட்டத்துப் படகுகள் கரையில் உறங்க, குளச்சல் படகுகள் கடலில் இருக்கும். விருந்தினரை எங்கே அழைத்துச் செல்வது என்பதை நாட்காட்டி பார்த்து முடிவு செய்வது எங்கள் ஊர் வழக்கம்.

உம்மா வர மறுத்தார்கள். "நீங்கள் போய் வாருங்கள். எனக்கு ரசம் போதும்." வயது எழுபத்திரண்டு. வெளியில் உண்பது மானக்குறைவு என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. தங்கைதான் விடாப்பிடியாக புர்காவை எடுத்து மாட்டிவிட்டாள். நாகர்கோவிலிலிருந்து குளச்சல் ஏறத்தாழ 20 கிலோ மீட்டர். சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று நடத்துநர் சொன்னபோது, திண்டுக்கல்காரர் தமக்கும் மட்டும் ஏன் சீட்டு என்று வேடிக்கையாகக் கேட்டார்.

குளச்சலில் 1741ஆம் ஆண்டு டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மர் வென்றதன் நினைவுத் தூணைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிடிபட்ட டச்சுத் தளபதி தெ லன்னாய், பின்பு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்தவர் என்றதும், "எதிரிக்கே வாத்தியாரா!" என்றான் என் மகன். பசி வந்துவிட்டதால் வரலாறு அத்துடன் முடிந்தது. தெரிந்த வீடொன்றில் பெண்கள் தொழுதுகொள்ள, நாங்கள் பள்ளிவாசலில் லுஹரை முடித்துக்கொண்டு கடைக்குச் சென்றபோது மணி ஒன்று.

கடையின் பெயரை எழுதவில்லை; விளம்பரம் என்று எண்ணுவீர்கள். ஓட்டுக் கூரை, ஏழெட்டு மேசைகள், குடும்பத்தினருக்கு ஒரு தட்டி மறைப்பு. அன்றைய மீன்களைக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: சாளை, அயலை, நெய்மீன், விளமீன், கணவாய். மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாளைதான் மத்தி, அயலைதான் கானாங்கெளுத்தி, நெய்மீன்தான் வஞ்சிரம் என்று மொழிபெயர்த்தேன். பாறைகளில் மூழ்கி எடுக்கும் சிப்பியைக் கேட்டோம். அன்று இல்லை என்றார்கள். பொரிப்பதற்கு முன்னரே துண்டின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மாப்பிள்ளையின் முகத்தில் வேறொரு தயக்கம். அவர் ஹனஃபி, நாங்கள் ஷாஃபி. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் கடல் வேட்டையை ஆகுமாக்குகிறது. கடலில் மட்டுமே வாழும் உயிரினங்களை ஷாஃபி மத்ஹபு பொதுவாக ஆகுமாக்க, ஹனஃபி மத்ஹபு மீனோடு நிறுத்திக்கொள்கிறது. கணவாய் எங்களுக்கு ஆகும், அவருக்கு ஆகாது. இறாலை மீன் எனக் கொள்வதா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. நண்டைப் பற்றி ஷாஃபி நூல்களிலேயே பேச்சு இருப்பதால் அதை நாங்கள் தொடுவதில்லை. மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லையாதலால் சமைப்பவர் யாரென்பது கேள்வியன்று. ஆனால் கோழியும் மீனும் ஒரே எண்ணெயில் பொரியும் கடையானால் விசாரிப்பது கடமை. இந்தக் கடையில் கடல் உணவைத் தவிர வேறில்லை. இருப்பினும் கணவாய் கிடந்த கல்லிலேயே அவருடைய மீனும் கிடக்குமே!

அவர் சொல்லக் கூசினார். நான் எழுந்து சமையற்கட்டு வாசலுக்குச் சென்று கேட்டேன். அடுப்பில் நின்ற அம்மையார் கிறிஸ்தவ மீனவக் குடும்பத்தவர். "இதுக்கு ஏன் தயங்குதிய? உங்க ஆளுங்க நிறையப் பேர் கேப்பாவ" என்று, வேறொரு கல்லைக் கழுவி அடுப்பேற்றிப் புது எண்ணெய் ஊற்றினார். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், நபி (ஸல்) அவர்கள் தொடாத உடும்பிறைச்சியை அதே விரிப்பிலமர்ந்து காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்ட செய்தி புகாரியில் வருகிறது. பாடத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மேசையில் பார்த்தது அன்றுதான். ஒருபுறம் கணவாய், ஒருபுறம் நெய்மீன், நடுவே பொதுவாக மரச்சீனிக் கிழங்கு.

அந்தக் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளைக் காத்தது அதுதான். 1956 நவம்பர் 1இல் நாங்கள் தமிழகத்தோடு இணைந்தோம். கிழங்கையும் மீன்கறியையும் விட்டுவிட்டு வரவில்லை.

இக்கிழங்கில் விரல் பட்டதும் எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. மர்ஹூம் வாப்பா தவணைக்குத் துணி விற்றவர்கள். சனிக்கிழமைகளில் குளச்சலுக்கு வசூலுக்கு வருவார்கள். பள்ளி விடுமுறையாதலால் நானும் உடன் வருவேன். கடற்கரைக் கடையொன்றில் இருவரும் கிழங்கும் சாளைக்கறியும் வயிறாரத் தின்போம். பிறகு பச்சை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் செல்வோம். உம்மா அதை ஆய்ந்து, கழுவி, தேங்காய் அரைத்துக் கொதிக்கவைத்து, எல்லோரும் உண்டபின் உண்ணும்போது அஸர் ஆகிவிடும். "கடையில் கறி எப்படி?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்கள். நானும் வாப்பாவும் மாறிமாறிப் புகழ்வோம். அழைத்துப் போகலாமே என்று எங்கள் இருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போது உம்மா இலையின் முன் அமர்ந்திருந்தார்கள், ஆனால் உண்ணவில்லை. பேரனின் இலையில் முள் எடுத்தார்கள், மருமகளுக்குக் குழம்பு ஊற்ற எழுந்தார்கள். பரிமாறிய பெண், "நீங்க இரிங்கம்மா, நான் இருக்கேன்லா" என்று தோளைத் தொட்டு அமர்த்தினாள். அதன் பிறகே முதல் கவளம் உள்ளே போனது. சற்று மென்றுவிட்டு, "தேங்காயை இன்னும் மைய அரைச்சிருக்கலாம்" என்றார்கள். நான் சங்கடப்பட்டேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மையாரோ கரண்டியுடன் வெளியே வந்துவிட்டார். மாங்காய் போட்டால் புளி எவ்வளவு, மல்லியை வறுப்பதா பச்சையாக அரைப்பதா என்று இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. கை கழுவியபின் உம்மாவைக் காணோம். சமையற்கட்டில் முக்காலியில் அமர்ந்து அம்மியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம் சமையலை ஒரு கலையென நினைத்து அவர்கள் பேசி நான் கேட்டதேயில்லை. நாங்கள் யாரும் அப்படிக் கேட்டதும் இல்லை.

ஏழு பேருக்கு 1,360 ரூபாய் ஆயிற்று. மாப்பிள்ளை கொடுக்க முனைந்தார், நான் விடவில்லை.

திரும்பும் பேருந்தில் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். மண்டைக்காடு தாண்டியதும் முன்னிருக்கையிலிருந்து உம்மா திரும்பினார்கள்.

"மக்கா, அந்தக் கடையில புதன்கிழமை நெத்திலிப் புளிமுளம் உண்டாம்."