குட்டைக் கணக்கு

அக்டோபர் 9

மாத்திரைக் கணக்கு எழுத வாங்கிய நோட்டு இது. முன்பக்கத்தில் இவருடைய மாத்திரைகள். பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் இருக்கிற ஒரே ஆளிடம் சொல்ல முடியாது.

காலை ஐந்தரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்தால் குட்டை முழுக்க வாய். தண்ணீருக்கு மேலே நீட்டித் திறந்து திறந்து மூடுகின்றன. சப், சப் என்று சத்தம், வெற்றிலை மெல்லும் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்த மாதிரி. கரையில் ஏழு கொக்கு. அவற்றுக்கு ஓர் அவசரமும் இல்லை.

பசி என்றுதான் நினைத்தேன். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒழுங்காகத் தீனி போடவில்லை போல. தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து வழக்கத்துக்கு மேல் இரண்டு உருண்டை போட்டேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. பசித்த எதுவும் தீனியைப் பார்க்காமல் இருக்குமா? அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 10

ஒன்பது. எல்லாம் கட்லா, எல்லாம் பெரிய உருப்படி. வாய் திறந்து, செவுள் விரிந்து கிடந்தன. தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தேன்.

உள்ளே வந்தால் இவர் அந்த மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்து ஏறியது. இரண்டாவது பாதியில் நின்று விழுந்தது.

"மேல வந்து திங்குதா?"

"நல்லா திங்குதுங்க."

நெஞ்சைப் பிளந்து தைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குடம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, மனசு கலங்கக் கூடாது. மூன்றாவதை மட்டும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 11

மீன்வளத் துறை ஆய்வாளரின் நம்பரை இவர் போனிலிருந்து எடுத்து, மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன். எத்தனை நாளாக மோடம், தண்ணீர் என்ன நிறம், எத்தனை சென்ட், எத்தனை மீன் என்று கேட்டார். நாலு நாளாக மோடம். பாசிப் பச்சை. மூன்று சென்ட். நூற்றிருபது மீன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதி வைக்கிறேன். பகலில் வெயில் பட்டால் தண்ணீரில் இருக்கிற பாசி பிராணவாயு விடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பாசியே மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். மீனும் வாங்கும், அடிச்சேற்றில் அழுகுகிற தீனியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கச் செலவு, வரவே கிடையாது. விடியற்காலையில்தான் கையிருப்பு அடிமட்டம். மோடம் போட்டால் பகல் வரவும் போச்சு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லிகிராம் இருந்தால் மீனுக்குச் சௌகரியம். இரண்டுக்குக் கீழே போனால் வாய் மேலே வந்துவிடும். பெரிய மீனுக்குத் தேவை அதிகம் என்பதால் அதுதான் முதலில் போகும். முந்தாநாள் நான் போட்ட கூடுதல் உருண்டை அந்தச் செலவில் சேர்ந்திருக்கிறது. இதை அவர் சொல்லவில்லை, நானே கூட்டிக்கொண்டேன்.

முழங்கை வரை தண்ணீரில் விட்டு உள்ளங்கை தெரிகிறதா பார்க்கச் சொன்னார். மணிக்கட்டு முங்கியதும் கை காணாமல் போனது. தீனியை நிறுத்துங்கள், பின்னிரவு மூன்று மணியிலிருந்து வெயில் வரும்வரை மோட்டார் போட்டுக் குட்டைத் தண்ணீரையே எடுத்துக் குட்டையிலேயே பீச்சி அடியுங்கள் என்றார். போர் தண்ணீரை நேராக விடக் கூடாதாம். பூமிக்குள்ளிருந்து வருவதில் காற்றே இருக்காது, பலகையில் விழுந்து சிதறித்தான் உள்ளே போக வேண்டும்.

வைக்கப் போகும்போது, "நூத்தியிருபதுக்கு இப்படி ஆகாதேம்மா" என்றார்.

அக்டோபர் 12

மூன்று மணிக்கு மோட்டார். "என்ன சத்தம்?" என்றார் உள்ளிருந்து. தொட்டிக்குத் தண்ணீர் என்றேன். "நேத்துதானே ரொப்பின?"

இன்றைக்கு இரண்டு.

அக்டோபர் 13

வெயில்! கொடியில் துணி காய்ந்தது. ஒன்றும் சாகவில்லை. மத்தியானம் ஒரு ரோகு துள்ளிக் குதித்ததைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

அக்டோபர் 16

மறுபடி நாலு. வெயில் இருந்தும் செத்ததுதான் குழப்பம். எதிர்வீட்டுப் பெரியவர் மதில் வழியாக எட்டிப் பார்த்துவிட்டார். "சுண்ணாம்பக் கரைச்சு ஊத்தும்மா, எல்லாம் தெளிஞ்சிடும்." கடைத்தெருவில் மூன்று கிலோ வாங்கி வந்து வாளியில் கொட்டியும் விட்டேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன்.

"ஊத்தாதீங்க" என்று கத்தியேவிட்டார் மனுஷன்.

வண்ணமீன் விற்கிற கடையில் சோதனைச் சொட்டு மருந்து வாங்கச் சொன்னார். தம்பி போய் வாங்கி வந்தான். கண்ணாடிக் குழாயில் குட்டைத் தண்ணீர், அதில் சொட்டு. மஞ்சளாகவே இருந்தால் நல்லது. எங்களுடையது கரும்பச்சைக்குப் போனது. அம்மோனியா. மீன் செவுள் வழியாக விடுவதும் அழுகிய தீனியிலிருந்து வருவதும் சேர்ந்தது. இன்னொரு சொட்டு காரத்தன்மைக்கு. காலையில் ஏழரை காட்டியது மூன்று மணிக்கு ஒன்பது. பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் சாயங்காலத்துக்குள் காரம் ஏறுகிறதாம். காரம் ஏற ஏற அதே அம்மோனியா விஷமாக மாறும் பங்கு கூடுகிறது. சுண்ணாம்பு அந்தக் காரத்தைத்தான் இன்னும் ஏற்றும். குட்டை வெட்டும்போது அடியில் போட்டால் மருந்து, இன்றைக்குப் போட்டால் நாளைக்கு மொத்தமாக வாரலாம்.

ஆக, வெயில் இல்லாவிட்டால் ஒரு சாவு, வெயில் அடித்தால் இன்னொரு சாவு. இந்தக் குட்டைக்கு என்னதான் வேண்டும்?

அடித்தண்ணீரில் கால் பங்கை வாழைக்கு இறைத்தோம். பலகை சாய்த்து வைத்துப் புதுத் தண்ணீர் விட்டோம். வாழைக்கு யோகம்.

அக்டோபர் 17

மழை.

அக்டோபர் 21

இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி இவர் பெட்டியைத் திறந்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. கட்டம் போட்டு, வரிசை எண் போட்டு, முத்து முத்தாக. இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டர்.

ஜூன் 2: கட்லா 40, ரோகு 40, மிருகால் 40.
ஜூன் 20: கலந்து 100.
ஜூலை 14: கலந்து 130.

முந்நூற்றைம்பது.

மூன்று சென்ட் என்பது சுமார் நூற்றிருபது சதுர மீட்டர். கெண்டை மீன் கலந்து வளர்த்தால் சதுர மீட்டருக்கு ஒன்று என்று முதல் பக்கத்தில் இவரே எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். தெரிந்தேதான் செய்திருக்கிறார். மேல்மட்டத்துக்குக் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால், ஒன்றுக்கொன்று தீனிக்குச் சண்டை வராது என்று எனக்கும் விளக்கிச் சொன்னவர்தான். மூன்று மாடி இருந்தாலும் மூச்சு விடுகிற காற்று ஒன்றுதானே.

குஞ்சு வந்த முதல் நாள் ஞாபகம் வருகிறது. பிராணவாயு அடைத்த பாலிதீன் பைகளைப் பிரிக்காமல் குட்டையில் மிதக்கவிட்டு, உள்ளே வெளியே சூடு சமமாகட்டும் என்று கால் மணி நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பதமாக இறக்கிய கைதான் பிறகு எனக்குத் தெரியாமல் இருநூற்று முப்பதை உள்ளே தள்ளியிருக்கிறது. ஐம்பத்தைந்து சீட்டு வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றிவிட்டு, "நடுவுல எடம் இருக்கு, உள்ள போங்க" என்று கத்திய மனுஷன்.

கோபம் வந்தது. காபி கொடுக்கும்போது டம்ளரை ஓங்கி வைத்தேன். "என்ன?" என்றார். ஒன்றுமில்லை.

இதுவரை புதைத்தது பதினைந்து. என் நோட்டில் இருக்கிறது.

அக்டோபர் 25

இவர் செக்கப்புக்கு மகனோடு தஞ்சாவூர் போன நேரத்தில் தம்பி வலை இழுத்தான். இரண்டே இழுப்பில் கைகொள்ளவில்லை. தலை மட்டும் பெரிசு, உடம்பு சூம்பிக் கிடந்தது. கால் கிலோவைத் தாண்டியிருக்க வேண்டிய வயசு. தராசில் நூற்றுப் பத்து கிராம், நூற்றிருபது. "பெரியம்மா, இதுல பாதிய எடுத்துடலாமா? பெரியப்பாவுக்குத் தெரியவா போகுது?" என்றான்.

எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிடச் சொன்னேன். ஏன் என்று எனக்கும் புரியவில்லை. இவர் பெட்டியில் கை வைத்த மாதிரி இருந்தது.

நவம்பர் 2

நேற்று ராத்திரி எழுத வேண்டியது.

பதினொன்றுக்குக் காற்று, மழை. ஒரு மணிக்குக் கரண்ட் போனது. மூன்றரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன்: வாய். குடத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, மொண்டு உயரத் தூக்கி ஊற்றினேன். தம்பியை எழுப்பினேன். அவன் மூங்கில் கழியால் தண்ணீரை அடித்தான். அரை மணி அடித்திருப்போம்.

டார்ச் வெளிச்சம் ஒன்று கூடுதலாக விழுந்தது. கொல்லை வாசலில் இவர். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்ன தலையணை.

"உள்ள போங்க, ஈரக்காத்து."

போகவில்லை. "குடத்த இன்னும் ஒசரத் தூக்கி ஊத்து" என்றார். ஊற்றினேன். "நடுவுல அடிடா, ஓரத்துல அடிச்சா சேறுதான் கலங்கும்." தம்பி நடுவில் அடித்தான்.

வெளுக்கிற நேரம் வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. தம்பி வீட்டுக்குப் போனான். படியில் உட்கார்ந்தேன். இவர் மேல்படியில் உட்கார்ந்தார்.

"தென்னங்கன்னுகிட்ட அஞ்சு எடத்துல மண்ணு புதுசா இருக்கு" என்றார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ஒரு வாரத்துலயே பாத்தேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டம் போட்ட நோட்டைப் பற்றி அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விரலில் மாட்டும் கருவியை எடுத்து வந்து இவருக்கு மாட்டினேன். 95. குட்டையைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கும் இப்படி ஒண்ணு மாட்டலாமாடி?" என்று சிரித்தார். சிரித்தது வலித்துத் தலையணையை அணைத்துக்கொண்டார்.

நவம்பர் 3

மூன்று பந்தும் ஏறியது.

நவம்பர் 9

பாதியை எடுத்து விற்றுவிடச் சொல்கிறார் ஆய்வாளர். பொங்கலுக்கு அரைக் கிலோ ஆகிவிடும் என்கிறார் இவர். ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். "எத்தன மீன்னு நெனச்சு சொல்றீங்க?" என்று கேட்டேன். இவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இருக்கும், ஒரு நூறு சொச்சம்" என்றார்.

தீனி ஒன்றரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. மோடம் போட்டால் அதுவும் இல்லை. இதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 12

5.35. மேலே வந்தவை பதினெட்டு. கொக்கு இரண்டு. மோட்டாரை இன்றைக்கு இவர் போட்டார்.