அப்பா கிரீஸ் அடிக்கவே இல்ல

ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதல. தேங்காய் வெட்டு ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்க வீட்டு ஹெரால்டு கார்.

போன மாசம் ஒரு புதன்கிழமை, அம்மாவைப் பொள்ளாச்சியில கண் டாக்டர்கிட்ட காட்டிட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தோம். வாய்க்கா மேட்டுல இருந்து களத்துக்குள்ள திரும்பறதுக்காக ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சேன். ஆள் நடக்கற வேகம்தான். 'டக்'குனு ஒரு சத்தம். இடது முன்சக்கரம் மடங்கி உள்ள போயிருச்சு. கார் மூக்கு மண்ணுல குத்தி நின்னுது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் அது. நல்லவேளை, அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. "என்ன கண்ணு, டயர் வெடிச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

இறங்கிப் பார்த்தேன். டயர்ல காத்து நல்லாத்தான் இருந்துச்சு. சக்கரத்தைத் தாங்கற இரும்புதான் முறிஞ்சிருந்துச்சு. கால் மணி நேரத்துக்கு முன்னால அதே காரை லாரிகளுக்கு நடுவுல அறுபதுல ஓட்டிட்டு வந்திருந்தேன். அதை நினைச்சப்புறம்தான் எனக்குக் கால் ரெண்டும் நடுங்க ஆரம்பிச்சுது.

ஹெரால்டைப் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் சொல்றேன். 1959-ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுன்னு வந்த கார் இது. வரைஞ்சவர் மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். 1961-ல இருந்து நம்ம சென்னைக்குத் தெற்கே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியில 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'ன்னு செஞ்சாங்க. 948 சிசி என்ஜின். பானெட் மட்டும் திறக்காது, மட்கார்டு, லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமா முதலை வாய் மாதிரி தூக்கும். இருபத்தஞ்சு அடி இடம் இருந்தா முழு வட்டம் அடிச்சுத் திரும்பிரும். எங்க களத்துல வைக்கோல் போருக்கும் மாட்டுச்சாளைக்கும் நடுவுல ஒரே ஒடிப்புல திரும்பற கார் இது ஒண்ணுதான். அப்பா 1983-ல ஒரு டாக்டர்கிட்ட இருந்து இதைப் பழசா வாங்கினப்ப அதுக்காகவே வாங்கினேன்னு சொல்வார்.

எங்களது 1970-ம் வருஷத்து நாலு கதவு வண்டி. இங்கிலாந்துல ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவு வெச்சது நம்ம ஊர்ல மட்டும்தான். அதனால இந்தக் காருக்குப் பின்கதவு வேணும்னா லண்டன்ல தேடினாலும் கிடைக்காது. அம்பாசடருக்கு இந்தக் கவலை இல்ல. அதுவும் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுங்கற இங்கிலீஷ் கார்தான், ஆனா 2014 வரைக்கும் செஞ்சாங்க, எந்த ஊர் ஒர்க்‌ஷாப்புலயும் ஒரு மூலையில அதோட சாமான் ஏதாவது கிடக்கும். ஹெரால்டு எழுபதுகள் ஆரம்பத்துலயே நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அதையே மாத்திப் போட்ட 'கெசல்' வந்துச்சு, அதுவும் 1977-ஓட முடிஞ்சுது.

முறிஞ்ச துண்டை எடுத்துட்டு முதல்ல எங்க ஊர் லேத்துக்காரர்கிட்ட போனேன். நெட்டுக்குத்தா நிக்கற ஒரு இரும்புத் தண்டு, அதோட அடியில மரை. அந்த மரை மேல திருகி உட்காரற பித்தளைக் கட்டை ஒண்ணு, டிரன்னியன்னு பேரு. ஸ்டியரிங்கை ஒடிக்கறப்பல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள்ள திருகித் திருகித் திரும்பும். காரோட முன்பாரத்துல பாதி அந்த மரை மேலதான் நிக்குது. லேத்துக்காரர் கையில வாங்கிப் பார்த்தார். "பித்தளையை நான் கடைஞ்சு தந்துருவேனுங்க. இந்தத் தண்டு கம்பெனியில அடிச்சு, பதம் வெச்ச இரும்பு. நான் கம்பியில கடைஞ்சு குடுத்தா ஆறு மாசம் நிக்கும். அப்புறம் அம்மாவை எங்கிட்ட கேக்கக் கூடாதுங்க"ன்னார். அந்த மனுசனுக்கு நான் கடன்பட்டிருக்கேன்.

இங்கிலாந்துல இந்தக் காருக்குன்னு சங்கம் வெச்சிருக்காங்க, புதுசாவே சாமான் செஞ்சு விக்கறாங்கன்னு பையன் போன்ல காட்டினான். விலையோட கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் கூட்டிப் பார்த்தா ஒரு கறவை மாட்டோட பாதி விலை வந்துச்சு. கோயமுத்தூர் உக்கடத்துல ரெண்டு நாள் அலைஞ்சேன். மாருதி கிடைச்சுது, ஃபியட் கூடக் கிடைச்சுது. ஒரு கடைக்காரர்தான், "புதுப்பேட்டைக்குப் போங்க, அங்க இல்லன்னா எங்கயும் இல்ல"ன்னார்.

சேரன்ல ஏறி விடியக்காலை சென்ட்ரல்ல இறங்கி, ஒரு டீயைக் குடிச்சுட்டுப் புதுப்பேட்டை போனேன். சென்னையில இருக்கறவங்க எழும்பூர் பக்கம் போறப்ப பார்த்திருப்பீங்க. கூவம் ஓரமா சந்து சந்தா பழைய வண்டிக் கடைங்க. கதவெல்லாம் ஒரு பக்கம் புத்தகம் மாதிரி அடுக்கியிருக்கும். கியர்பாக்ஸ் குவியல் ஒரு பக்கம், வயர் கட்டு ஒரு பக்கம். தரையெல்லாம் கறுப்பு ஆயில். ஆறு கடையில துண்டைக் காட்டினேன். இளவட்டப் பசங்க திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினாங்க. ஏழாவது கடைப் பையன், "இதெல்லாம் எங்க தாத்தாவுக்குத்தான் தெரியும்"னு உள்ள கூட்டிட்டுப் போனான்.

எழுபதைத் தாண்டின பாய் ஒருத்தர். துண்டைக் கையில வாங்கறதுக்கு முன்னாலயே, "ஹெரால்டா? லெஃப்டா ரைட்டா?"ன்னார். லெஃப்டுன்னேன். "கரெக்டா சொல்லு தம்பி. ரெண்டு பக்கமும் மரை எதிரெதிரா இருக்கும். ஒண்ணுக்கு ஒண்ணு சேராது."

அப்புறம்தான் துண்டை வாங்கி, விரல்ல கொஞ்சம் வழிச்சு மோந்து பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு இதுக்கு கிரீஸ் அடிச்சது?"ன்னு கேட்டார்.

"நான்தானுங்க. வருஷா வருஷம் தவறாம அடிப்பேன்"னேன், கொஞ்சம் பெருமையாவே.

"அதான் ஒடிஞ்சிருக்கு. இதுக்கு ஆயில் விடணும் தம்பி, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கெட்டி, அது மரைக்குள்ள மேல ஏறாது. அடியிலயே நின்னு இறுகிடும். மேல இருந்து தண்ணி எறங்கி மரை துரு புடிக்கும். தண்டு கட்டைக்குள்ள திரும்பாம முறுக்கிக்கினே இருக்கும். ஒரு நாள் ஒடியும். நிப்பிளைப் பார்த்தா எல்லாருக்கும் கிரீஸ் கன்னுதான் ஞாபகம் வரும்."

எனக்கு வாயில வார்த்தை வரல. எங்க சாளையில உத்தரத்துல ஒரு ஆயில் கன் தொங்குது. அப்பா ஆயுத பூஜைக்கு முந்தின நாளும், தைப்பொங்கலுக்கு முந்தின நாளும் அதை எடுத்துட்டுக் காருக்கு அடியில படுப்பார். முன்சக்கரம் ரெண்டுக்கும் ஆயில் ஏத்துவார். மேல கசிஞ்சு வர்ற வரைக்கும் விடமாட்டார். அப்புறம் துணியில துடைச்சுட்டுத்தான் சந்தனம், குங்குமம். பதினொரு வயசுல இருந்து பார்த்திருக்கேன். அதுவும் பூஜையில ஒண்ணுன்னுதான் நினைச்சிருந்தேன். மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கற மாதிரி. ஏம்ப்பான்னு ஒரு நாள் கூடக் கேட்டதில்ல, அவரும் சொல்லல. அவர் தவறி ஒன்பது வருஷம் ஆச்சு. வண்டி என் கைக்கு வந்ததும் நல்லது பண்றதா நினைச்சு கிரீஸ் அடிச்சேன். ஆயில் கன்னைத் தட்டு வெட்டற மெஷினுக்கு ஒதுக்கிட்டேன்.

பாய் பரண்ல இருந்து ஒரு சாக்கை இறக்கச் சொன்னார். உள்ள நாலு தண்டு, கட்டையோட. "கெசல்ல எடுத்தது. முன்பக்கம் அப்படியே சேரும். பின்பக்கம்னா சேராது, அதுக்கு ஆக்ஸில் வேற"ன்னார். ஹெரால்டுல ஒரு வசதி உண்டு. அந்தக் காலத்துல ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செஞ்சு குடுத்துட்டு இருந்த கம்பெனியைப் போட்டிக்காரங்க வாங்கிட்டாங்க. அதனால துண்டு துண்டா வேற வேற இடத்துல செஞ்சு, தனி சேஸிஸ் மேல போல்ட்டு போட்டுச் சேர்க்கற மாதிரி இந்தக் காரை அமைச்சாங்க. பிரிக்கறதும் சுலபம். "இந்த வண்டியில எதுவும் வீணாப் போவாது"ன்னார் பாய். செத்த ஒரு வண்டியில இருந்து ஓடற நாலு வண்டிக்கு உயிர் போவும்னு அவர் கணக்கு.

நாலுல ரெண்டு இடது, ரெண்டு வலது. மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, துடைச்சுக் காயவெச்சு, சாக்பீஸைப் பொடியாக்கித் தடவினார். கால் மணி நேரம் பேசிட்டு இருந்தோம். விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு சாக்பீஸ் பொடியில கோடா தெரியுமாம். இடது தண்டு ஒண்ணுல மரைக்கு மேல தலைமுடி மாதிரி ஒரு கோடு. நான் பார்த்தா கீறல்னுதான் சொல்லியிருப்பேன். பாய் அதை எடுத்துக் காயலான் குவியல்ல வீசினார். இன்னொரு இடதுல மரை தேஞ்சிருந்துச்சு, கட்டை லொடலொடன்னு ஆடுச்சு. அதுவும் போச்சு. வலது ரெண்டும் நல்லா இருந்துச்சு.

எனக்கு வேண்டியது இடது. "தேஞ்சதையே குடுங்க பாய், மெதுவாத்தான் ஓட்டுவேன்"னு கேட்டேன்னு எழுத வெட்கமாத்தான் இருக்கு. ரெண்டு நாளா அலைஞ்ச அலுப்பு.

"மெதுவாப் போறப்பதானே ஒடிஞ்சுதுன்னு சொன்ன?"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் போனை எடுத்து மூணு பேரைக் கூப்பிட்டார். மூணாவது ஆள் ரெண்டு சந்து தள்ளி. பையன் ஓடிப் போய் ஒரு இடது தண்டு வாங்கிட்டு வந்தான். மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சாக்பீஸ். கோடு இல்ல. "ரைட்டும் ஒண்ணு எடுத்துக்கோ. ஒரு பக்கம் போச்சுன்னா இன்னொரு பக்கத்துக்கும் அதே வயசுதான், அதே கிரீஸுதான்"ன்னார். ரெண்டும் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு ரூபா. பேரம் பேசல.

ஊருக்கு வந்து வலது பக்கத்தைக் கழட்டினோம். பாய் சொன்ன மாதிரியே மேல் மரையில துரு. எத்தனை மாசம் தாங்கியிருக்கும்னு தெரியல.

"இதை வித்துட்டு ஒரு மாருதி வாங்கு கண்ணு"ன்னு அம்மா பல வருஷமா சொல்லிட்டு இருந்தவங்கதான். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கற கட்டணம் 2022-ல 600-ல இருந்து 5000 ஆனப்ப, நானும் வித்துடலாம்னு பாதி மனசா இருந்தேன். இந்தத் தடவை அம்மா ஒண்ணும் சொல்லல. பித்தளைக் கட்டையை மாட்டறப்ப பக்கத்துல கட்டில் போட்டு உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தாங்க. "அவர் சொல்லியிருக்கலாம்"னு மட்டும் ஒரு தடவை சொன்னாங்க. நான் கேட்டிருக்கலாம்.

ஆயில் கன்னைக் கழுவி மறுபடி உத்தரத்துலயே மாட்டியிருக்கேன். பையனைக் கூப்பிட்டுக் காருக்கு அடியில படுக்க வெச்சு, முறிஞ்ச துண்டைக் கையில குடுத்து, ஏன் ஆயில், ஏன் கிரீஸ் இல்லன்னு முழுசாச் சொன்னேன். போன்ல வீடியோ எடுத்துக்கிட்டான். அவன் பங்குக்கு அது.

உங்க தாத்தா வீட்டுச் சாளையிலயோ, சித்தப்பா வீட்டு கேரேஜ்லயோ ஒரு ஹெரால்டோ கெசலோ நின்னுட்டு இருந்தா, தயவுசெஞ்சு அதோட முன்சக்கர டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காதீங்க. தொண்ணூறாம் நம்பர் ஆயில், வருஷத்துக்கு ரெண்டு தடவை, மேல கசியற வரைக்கும். வீட்டுல பெரியவங்க அந்தக் காரை ஓட்டிட்டு இருந்திருந்தா, இப்பவே போய் உட்கார்ந்து என்னென்ன பண்ணுவாங்க, ஏன் பண்ணுவாங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க.