கரையைப் பாருங்க!

மாமாவின் கால் புண்ணைப் பற்றி எழுதப்போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள், கை கழுவிவிட்டு வந்து படிக்கலாம். அவசரமில்லை.

மாமா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 31 வருஷம் சேல்ஸ்மேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி பத்து வரைக்கும் நிற்பார். வாங்க வந்தவர்கள் உட்காரலாம், புடவைகள் படுத்துக்கொள்ளலாம், மாமா மட்டும் நிற்கணும். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து, இடது கணுக்காலுக்கு மேலே உள்பக்கமாக ஒரு ரூபாய் அளவில் புண் வந்தது. ‘சுகர்தான்!’ என்று சொந்தக்காரர்கள் ஏகமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள். டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் சுகர் இல்லை.

அப்புறம்தான் நான் களத்தில் இறங்கினேன்.

தினமும் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்ட்டிபயாடிக் ஆயின்ட்மென்ட் வாங்கித் தடவினேன். பஞ்சு வைத்து, நாலு பக்கமும் பிளாஸ்திரி. மறுநாள் காலையில் அதைச் சர்ரென்று உரிப்பேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லாத்தான் கட்றே மாப்ளே” என்பார். மூணே மாசத்தில் ஒரு ரூபாய், உள்ளங்கை அளவாகிவிட்டது. அதில் பெரும் பங்கு என்னுடையது.

கடைசியில் ரத்தக்குழாய் டாக்டரிடம் போனோம். கட்டுப்போடும் அறையில் இருந்த சிஸ்டர் கட்டைப் பிரித்தார். புண்ணை ஒரு செகண்டுதான் பார்த்திருப்பார். அதைச் சுற்றியிருந்த தோலையே ரொம்ப நேரம் பார்த்தார். அது வெளுத்து, நனைந்து, நாள் முழுக்கத் துணி துவைத்த விரல் மாதிரி சுருங்கியிருந்தது. அதற்கு வெளியே செக்கச்செவேல் என்று ஒரு வட்டம்.

“யாரு சார் வைத்தியம் பாத்தது?”

“நான்தான்.”

“டாக்டரா?”

“பி.காம்.”

சிஸ்டர் சிரிக்கவில்லை. “புண்ணுக்கு நடுவுல தோல் முளைக்காது சார். ஓரத்துலேர்ந்துதான் உள்ளே நகர்ந்து வரும். ஓரமே ஊறிக் கெடந்தா எங்கேர்ந்து வர்றது? கம்மாக்கரை மாதிரிதான். கரை கரைஞ்சா கம்மா பெருசாகிட்டேதான் போகும். நீங்க கரையைப் பாருங்க.”

கணக்குப் படித்தவனுக்கு இது சட்டென்று உறைத்தது. வட்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, முதலைக் கரையவிட்டிருக்கிறேன்.

இந்தப் புண் வரும் விதமே வேறு. காலில் இருக்கிற ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும் பம்ப் நம் கெண்டைக்கால் சதைதான். நடந்தால்தான் அது வேலை செய்யும். தள்ளிய ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் இருக்க, சிரைகளுக்குள் சின்னச்சின்ன வால்வுகள் இருக்கின்றன. அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும். அழுத்தம் ஏறும். நீரும் சிவப்பணுவும் கசிந்து தோலுக்குள் இறங்கும். அந்தச் சிவப்பணுவின் இரும்புதான் தோலில் பழுப்புக் கறையாகப் படிகிறது. மாமாவுக்குப் பத்து வருஷமாகவே கணுக்காலைச் சுற்றித் துருப்பிடித்த மாதிரி ஒரு நிறம் உண்டு. ‘சாக்ஸ் சாயம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சிவப்பு வட்டத்துக்கும் விடை கிடைத்தது. நான் ஆயின்ட்மென்ட் தடவிய இடத்தில் மட்டும்தான் அது இருந்தது. அதில் நியோமைசின் என்ற மருந்து. இந்த மாதிரிக் கால்களுக்கு அது சுலபமாக அலர்ஜியாகிவிடுமாம். வாசனை சேர்த்த கிரீம்களுக்கும் அதே கதைதான்.

டாக்டர் முதலில் காலுக்குப் போகும் ரத்த ஓட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார். அது சரியில்லாத காலை இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. சரியாக இருந்ததால், விரல் அடியிலிருந்து முட்டிக்குக் கீழ் வரை பேண்டேஜ் சுற்றினார்கள். தேங்குகிற ரத்தத்தை மேலே அனுப்புவது அந்த இறுக்கம்தான். புண்ணை ஆற்றும் முக்கிய மருந்தே அதுதான் என்றார் டாக்டர்.

எனக்குக் கொடுத்த வேலை கரைப் பராமரிப்பு. வெதுவெதுப்பான சாதாரணத் தண்ணீரில் கழுவணும். தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும். புண்ணின் ஓரத்தைச் சுற்றி ஜிங்க் ஆக்ஸைடு களிம்பை மெல்லிசாக, புண்ணுக்குள் போகாமல் தடவணும். கசிகிற நீர் அதன் மேலே வழிந்து போய்விடும், தோல் நனையாது. (பழைய சமாசாரம்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஊனா என்கிற ஜெர்மன் டாக்டர், ஜிங்க் களிம்பு பூசிய கட்டை இந்தக் கால்களுக்குச் சுற்றியிருக்கிறார்.) முதல் நாள் நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பிவிட்டேன். “இவ்ளோ போட்டா பேடு எப்படி சார் நீரை உறிஞ்சும்?” என்று திட்டு விழுந்தது. பழைய களிம்பைச் சுரண்டியதற்கு இன்னொரு திட்டு. லிக்விட் பாரஃபின் தொட்டு ஊறவைத்தால் தானாக வருமாம். மிச்சமிருக்கும் வறண்ட தோலுக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. பிளாஸ்திரி தோலில் ஒட்டவே கூடாது. பேடு நனைந்துபோனால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மாற்றிவிட வேண்டும்.

ரெண்டு வாரத்தில் வெளுத்த ஓரம் இளஞ்சிவப்பாகிவிட்டது. புண் அப்படியேதான் இருந்தது. ஆனால் சிஸ்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். அஞ்சு மாசத்தில் மூடிவிட்டது. இப்போது மாமா தினமும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் மாட்டிக்கொள்கிறார். வெயில் காலத்தில் என்னைத் திட்டிக்கொண்டே மாட்டுவார்.

போன தீபாவளிக்கு அவரோடு மதுரையில் புடவை எடுக்கப் போனேன், வேறொரு கடைக்கு. கடை ஊழியர்கள் உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. இந்தக் கடையிலும் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் புடவைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

புடவை காட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். பேசிக்கொண்டே ஒரு காலால் இன்னொரு கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் விலையைப் பார்த்தேன். மாமா மூக்குக்கண்ணாடியை இறக்கி, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“தம்பி... கால் அரிக்குதா?”