பூனைக்குப் பதில் இதயத் துண்டு

போன மாதம் எக்கோ எடுத்த டாக்டர், "பம்பிங் கொஞ்சம் குறைஞ்சிருக்கு ஐயா, மாத்திரை போட்டுக்குங்க" என்றார். எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது, கேட்கலாமா! ஆனாலும் அன்றிலிருந்து இதயம் என்ற சொல் எங்கே அச்சில் வந்தாலும் கண் அங்கே போகிறது.

அப்படிப் படித்ததுதான் இது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 48 மனித இதயத் திசுத் துண்டுகளை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். யார் மார்பையும் கீறி எடுத்தவை அல்ல. ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்தவை. ஒவ்வொன்றையும் இரண்டு சின்னத் தூண்களுக்கு நடுவே, கொடி கட்டுவது போலக் கட்டியிருந்தார்கள். திசு துடித்தால் தூண் வளையும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பலம். அரை மணிக்கு ஒரு தடவை அந்தக் கணக்கு பூமிக்கு வந்தது. ஜெசிகா மேயர் என்ற விண்வெளி வீராங்கனை வாரம் ஒருமுறை ஊட்டநீரை மாற்றினார்.

முப்பது நாள். பூமியில் வைத்திருந்த துண்டுகளோடு ஒப்பிட்டால் பலம் பாதிதான். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறக்குறைய ஐந்து மடங்கு நீண்டதாம். கீழே வந்ததும் அது மட்டும் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது.

மேலே எடை இல்லை, ரத்தத்தைத் தள்ள இதயத்துக்குச் சிரமமில்லை, அதனால் சோம்பிப் போகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தத் துண்டுகளோ ஒரு சொட்டு ரத்தமும் தள்ளவில்லை. அப்படியும் தளர்ந்தன. கோளாறு தசைக்குள்ளேயே நடக்கிறது. முழு மனிதனை வைத்துப் பார்த்தால் இதைப் பிரித்து அறிவது கஷ்டம்.

எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் முசே ஒருவர் ஃபெலிசெத் பூனையின் கதையைச் சொல்வார். 1963 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியப் பாலைவனத்திலிருந்து ராக்கெட்டில் அனுப்பிய பாரிஸ் தெருப்பூனை. மண்டையில் மின்கம்பி பதித்து அனுப்பினார்கள். உயிரோடு இறங்கியது. வகுப்பே கைதட்டியது. மூளையைப் பார்ப்பதற்காக அதைப் பிறகு கொன்றுவிட்டார்கள் என்பதை மட்டும் முசே சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் படித்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் இந்த 48 துண்டுகளைப் பற்றிச் சொன்னேன். "நீங்க மேலே போகாதீங்க, கடற்கரைச் சாலையில நடந்தா போதும்" என்று சிரித்தார். நடக்கிறேன்.