செர்ச்சா, விங்சா?



சென்ற வாரம் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மாணவியர் இருவர், கொரியப் பாடகர் குழுக்கள் இரண்டில் எது சிறந்தது என்று உரத்த குரலில் வாதிட்டனர். பாட வேளையில் இதென்ன வெட்டிப் பேச்சு என்று கடிந்து அமர்த்திவிட்டேன். வீடு திரும்பும் வழியில்தான், அந்தக் கண்டிப்பு என் தந்தையாருடையது என்பது உறைத்தது.

1989ஆம் ஆண்டு. பாடாங் செராய்க்கு அருகில் ஒரு தோட்டம். எங்கள் லயத்து வாசலில் மாலைதோறும் ஒரு வழக்கு நடக்கும். ஒரு தரப்பு என் அண்ணன். மறுதரப்பு எங்கள் மாமன் மகன். செர்ச் சிறந்ததா, விங்ஸ் சிறந்ததா? இரண்டும் மலாய் ராக் இசைக்குழுக்கள். மலாய்க்காரர்கள் அவ்விசையை ‘ரோக் காப்பாக்’, அதாவது கோடரி ராக், என்பார்கள். செர்ச் 1981இல் ஜொகூர் பாருவில் தோன்றியது. விங்ஸ் 1985இல் கோலாலம்பூரில் தோன்றியது. செர்ச்சின் ‘இசபெல்லா’ இந்தோனேசியா வரை புகழ்பெற்றது என்பார் அண்ணன். ஏமியின் உச்சக்குரலை நாய்கூடத் தாங்காது, அவியின் கரகரப்பே ஆண்மை என்பார் மாமன் மகன். விங்சின் ‘ஹுகூம் கர்மா’ ஒலித்தபோது, கர்மா என்ற சொல்லைக் கேட்ட பாட்டி, சாமிப் பாட்டென்று எண்ணி வானொலிப் பெட்டியின் அருகில் வந்து அமர்ந்துவிட்டார்.

எனக்கு அப்போது பத்து வயது. எழுத்தர் வேலை என்னுடையது. ஒலிநாடா அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் வரிகளைக் குறிப்பேட்டில் பெயர்த்தெழுதுவேன்; அண்ணன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடுவார். ‘ஃபெனோமெனா’ என்ற சொல் எங்களிடமிருந்த சிறிய அகராதியில் இல்லை. இடைநிலைப்பள்ளியில் மலாய் ஆசிரியரிடமே போய்க் கேட்டு வந்தார். வகுப்பில் வாய் திறக்காத பையன் வலிய வந்து கேட்டது அதுவே முதன்முறையாம். மலாய் நண்பர்களிடம் வழக்காடும் ஆசையில்தான் அவர் மலாய்மொழியைப் பேசத் தொடங்கினார். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளின் அச்சம் எத்தகையது என்பதை நம் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு எஸ்.ஆர்.பி. தேர்வில் அண்ணன் தோற்றார். தந்தையார் பால்மரம் வெட்டுபவர். மலாய் படிக்கத் தெரியாது. முடிவுத்தாளை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். கணிதம், அறிவியல், வரலாறு எனத் தோற்ற பாடங்களையெல்லாம் படித்தேன். மலாய்மொழியில் நல்ல தேர்ச்சி என்று இருந்தது. அதைப் படிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து நாக்கு எழவில்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, அந்தச் சிறு வயதிலும் எனக்கிருந்த பொறாமை. “இந்தப் பாட்டுதான் இவனைக் கெடுத்தது” என்று அப்பா ஒலிநாடாக்களை அடுப்பில் போட்டார். அடுத்த மாதமே அண்ணன் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்.

1992இல் தகவல் அமைச்சர், நீண்ட முடியுடைய ராக் பாடகர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்றார். ஏமியும் அவியும் முடி வெட்டிக்கொண்டனர். அதே ஆண்டில் இரு குழுக்களும் இணைந்து ‘டபள் டிரபள்’ என்ற தொகுப்பை வெளியிட்டன. அண்ணனும் மாமன் மகனும் பாதிப் பாதிப் பணம் போட்டு ஒரே ஒலிநாடா வாங்கினர். பிறகு அதை யார் வைத்திருப்பது என்று சண்டை!

பல ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில், மலாய் நண்பர்கள் இதே வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள். இரு தரப்பு வாதங்களும் எனக்கு மனப்பாடம். அன்றிரவு நான் பேசிய மலாய், ஏட்டில் படித்ததன்று; எங்கள் லயத்து வாசலில் கேட்டது. அண்ணனை எண்ணியபோது தொண்டை அடைத்தது.

அம்மாணவியர் இருவரையும், வழக்கை முடிக்குமாறு நாளை கேட்கப்போகிறேன். மலாய்மொழியில்.

நேற்றிரவு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, அன்று நான் படிக்காமல் விட்ட வரியைச் சொன்னேன். சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, “அது கிடக்கட்டும்டா தம்பி, ஏமியின் குரலுக்கு அவி ஈடாவானா, நீயே சொல்” என்றார். நான் விங்ஸ் பக்கம் என்பதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.