ஒரு சாளரம் வேண்டும்

நாகலாபுரத்துக் கரிசல் வெயிலில் வளர்ந்தவர்கள் நாம். நாம் சிறுவராயிருந்தபோது உறவில் மாமு ஒருவருக்கு மனம் பேதலித்தது. பருத்தி எடுக்கும் காலத்தில் இரவெல்லாம் புஞ்சையில் தனியே நடப்பார், தமக்குத்தாமே பேசிக்கொள்வார். பெரியவர்கள் கூடிப் பேசி அவரை வெளியூரில் ஒரு விடுதியில் சேர்த்தனர். சில மாதங்கள் கழித்து அத்தாவுடன் நாமும் பார்க்கச் சென்றோம். சாளரமே இல்லாத அறை. மாமு நம்மை அடையாளம் கண்டுகொண்டார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சுபுஹு வக்து ஆயிருச்சா தம்பி?”

வெளியே அஸர் நேரம். நோய் அவருடைய நிதானத்தைக் கவர்ந்திருந்தது. அந்தக் கட்டிடமோ அவருடைய பகலையும் இரவையும் கவர்ந்துவிட்டது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, நமக்குக் கிழக்கே ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் எழுந்து ஓடவும் இயலவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அறவே தடை செய்கிறது. ஆனால் சங்கிலி கழன்ற மனிதர் தங்கித் தேறுவதற்கான இடம் எப்படியிருக்க வேண்டும்? அதைச் சிந்திப்பது நம் கடமையன்றோ?

நம் முன்னோர் சிந்தித்தார்கள். 1354-இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மாரிஸ்தானில் நோயாளரின் அறைகள் முற்றங்களைச் சூழ்ந்திருந்தன. முற்றத்தில் நீர்த்தடாகம் இருந்தது. 1488-இல் எதிர்னேயில் இரண்டாம் பாயஸீது சுல்தான் அமைத்த மருத்துவமனையில் நடு மண்டபத்தின் கீழ் நீரூற்று. நோயாளர்க்காக இசையும் ஒலித்தது. அங்கும் சங்கிலி இல்லாமற் போகவில்லை. எனினும் ஒளியும் நீரும் காற்றும் மருந்தின் பகுதி என அவர்கள் அறிந்திருந்தனர்.

இக்கால ஆய்வும் அதையே பேசுகிறது. 1984-இல் அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் சாளரம் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர்; வலி மருந்தும் குறைவாகவே கொண்டனர். உடல் நோயாளிக்கே இப்படியென்றால், மனம் நொந்தவருக்கு எவ்வளவு வேண்டும்!

நம் கரிசலிலும் அத்தகைய மனை ஒன்று எழலாம். மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இம்மண்ணில், அடியில் குடம்போல் விரிந்த தூண்களை ஆழ ஊன்றினால் சுவர் கீறாது. வெயில் தணிக்கத் தாழ்வாரம், முற்றத்தில் வேம்பு, மழைநீருக்கு ஒரு தொட்டி. நூறு கட்டில் கூடத்துக்குப் பதில் சிறு அறைகள். செவிலியர் இருக்குமிடத்திலிருந்தே முற்றமும் நடைவழியும் தெரியுமாறு அமைத்தால் கம்பிக்கதவுகள் குறையும். தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணமுடையோரும் அங்கிருப்பர். ஆகவே பாரம் தாங்காது கழன்றுவிடும் கொக்கிகளே சுவரில் வேண்டும். உம்மாவோ மனைவியோ உடன் தங்க ஓர் இடம். கை பழக ஒரு தோட்டம். தொழுவோர்க்கு ஒரு மூலை.

சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. ஆனால் அது நமக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். உறவு எட்டிப்பார்க்க முடியாத தொலைவில் நோயாளி மெல்ல மறக்கப்படுகிறார். அருகில் இருக்கும் மனையே வீடு திரும்பும் வழியைத் திறந்து வைக்கும்.

மாமு வீடு திரும்பவில்லை. பள்ளிக்கும் மதரஸாவுக்கும் மனமுவந்து கொடுக்கும் நம் செல்வர்கள், இத்தகைய மனைக்கும் ஒரு நாள் கொடுப்பார்களாக. அங்கே படுத்திருப்பவர் எவரையும் கேளாமல், விடிந்ததைத் தாமே பார்த்து அறியட்டும்.