ஆடி மாதத்து எஞ்சின் லைட்டு

ஜூலை 19, 2025, சனி

வத்திராயிருப்பில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்தது. ஓட்டத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிக்கப் இருக்கிறது, மிஸ்ஸிங் இல்லை, டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரி, "செவப்பா, மஞ்சளா?" என்று மட்டும் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். ஆயில் பிரஷர், எஞ்சின் சூடு இவற்றுக்கான சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைக்க வேண்டும். மஞ்சள் அசையாமல் எரிந்தால் வீடு வந்து சேரலாம். அதே மஞ்சள் விட்டுவிட்டு மினுக்கினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கிவிடும். நமக்கு மினுக்கவில்லை. சுந்தரபாண்டியம் வரை மெதுவாகவே வந்தோம்.

வண்டி 2011-இல் மச்சினன் சென்னையில் வாங்கியது. அவன் பெங்களூரு போனபோது என்னிடம் வந்தது. சென்னையில் வாங்கியதில் ஒரு விசேஷம் உண்டு. 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 புகை விதி வந்தபோது நாடு முழுக்க வரவில்லை. 13 நகரங்களுக்குத்தான் வந்தது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். அந்த பி.எஸ்.-4 வண்டிகளோடுதான் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. ஏற்பாடும் சட்டப்படி கட்டாயமானது. 2011-இல் விருதுநகரில் வாங்கியவர்களுக்கு பி.எஸ்.-3 வண்டிதான். இங்கே பி.எஸ்.-4 கட்டாயமாக 2017 ஏப்ரல் ஆனது.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா மகன் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் ஆட்டோமொபைல் படிக்கிறான். தீப்பெட்டி அளவில் ஒரு புளூடூத் கருவி வைத்திருக்கிறான். ஸ்டீயரிங்குக்கு அடியில், முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கிறது. அதில் செருகி, சாவியை ஆன் செய்து, போனில் பார்த்தான். "மாமா, பி0171."

பி என்றால் எஞ்சினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த சைபர், எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைச் சொல்கிறது. அங்கே ஒன்று இருந்தால் கம்பெனியின் சொந்தக் கோடு. அதற்கடுத்த ஒன்று, பெட்ரோலும் காற்றும் கலக்கிற விஷயம். மொத்தத்தில் பி0171 சொல்வது, கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. எந்தப் பாகம் கெட்டது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்குப் பிடித்தது இன்னொரு திரை. கோடு பதிவான அந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் குறித்து வைக்கிறது. வேகம் சைபர். எஞ்சின் 780 சுற்று. கூலன்ட் 68 டிகிரி. அதாவது வத்திராயிருப்பு பஜாரில், இன்னும் முழுச் சூடு ஏறாமல், நின்றபடி ஐடிலிங்கில் இருந்தபோது பதிவாகியிருக்கிறது. விளக்கை ரோட்டில்தான் கவனித்தேன். சம்பவம் அதற்கு முன்பே நடந்துவிட்டது.

"அழிச்சிரவா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். அழித்தால் இந்தத் தகவலும் சேர்ந்து போகும். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பெரும்பாலும் அதேதான் நடக்கும். லைட்டு எரிந்தால் முதல் வேலையாகப் பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறையப் பேருக்கு உண்டு. இருக்கிற ஒரே சாட்சியைக் கலைத்துவிட்டு அப்புறம் விசாரிப்பார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒர்க்ஷாப் ஒன்றில் காட்டினேன். ஸ்கேனர் போட்டார்கள், அதே கோடு. "ஆக்சிஜன் சென்சார் போச்சு அண்ணாச்சி. மாத்திட்டா சரியாயிரும்." எப்படித் தெரியும் என்றேன். "அது சொல்லுதுல்ல."

அது சொல்லவில்லை. சென்சார் சொன்னதைத்தான் கம்ப்யூட்டர் சொல்கிறது. செய்தி கொண்டுவந்தவனையே கழற்றி எறிகிற வேலை இது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன். டிராயிங் மெஷினில் பஞ்சுத்திரி அறுந்தால் மெஷினை நிறுத்த போட்டோ சென்சார் உண்டு. அதன் கண்ணில் பஞ்சு படிந்தால் நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்திவிடும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் உடனே சென்சாரை மாற்றுவார்கள். மெஷினும் ஓடும். மாற்றும்போது அந்த இடத்தைத் துடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் மறுபடி நிற்கும். பழைய சென்சாரை ஸ்டோரில் டெஸ்ட் பண்ணினால் அருமையாக வேலை செய்யும். இதைப் பார்த்துப் பார்த்து, மாற்றியதும் சரியானது என்கிற பேச்சை நான் லேசில் நம்புவதில்லை.

ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்க வழி இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் சூடான பிறகு அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ராத்திரி மருமகன் போனில் வரைபடம் போட்டுக் காட்டினான். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் 0.9-ஐத் தொடுகிறது, விட்டால் கீழே விழுகிறது. சென்சார் உயிரோடு இருக்கிறது.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

சதுரகிரி மலைக் கோயிலுக்குக் கூட்டம். கிருஷ்ணன்கோவிலிலிருந்து தாணிப்பாறை வரை வேனும் பஸ்ஸுமாக இருந்ததால் வண்டியை எடுக்கவில்லை. டீக்கடையில் விஷயம் தெரிந்து எல்லாரும் ஒரே தீர்ப்பு சொன்னார்கள். "பெட்ரோல்ல கரும்புச்சாறு கலக்கான். லைட்டு எரியாம என்ன செய்யும்?"

பெட்ரோலில் கலக்கிற எத்தனாலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைச் சுமந்து வருவதால் அதற்குச் சுமார் 9 கிலோ போதும். இருபது சதவீதம் கலந்த இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆகவே பழைய அளவிலேயே இன்ஜெக்டர் பீய்ச்சினால், கம்ப்யூட்டர் கண்ணுக்குக் காற்று கூடுதலாகத்தான் தெரியும். அதைச் சரிக்கட்ட எட்டு சதவீதம் போலப் பெட்ரோலைக் கூட்டும். இப்படிக் கூட்டிக் குறைப்பதற்கு ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். கூட்டல் 25 சதவீதத்தை ஒட்டி வந்து அங்கேயே நின்றால் பல வண்டிகளில் பி0171 விழும். சரியான வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மைலேஜ் புலம்பலும் கற்பனை இல்லை. இ10-க்கு டியூன் செய்த நாலு சக்கர வண்டிகளில் இ20 போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 ஜூன் அறிக்கையிலேயே இருக்கிறது. இ20 விற்பனை 2023-இல் குறிப்பிட்ட பங்குகளில் தொடங்கியது. இப்போது வேறு பெட்ரோல் கேட்டால் இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? பழைய வண்டிக்காரனைக் கேட்காமலே எடுத்த முடிவு இது. எனக்கும் கோபம் உண்டு.

ஆனால் எட்டு எங்கே, இருபத்தைந்து எங்கே. மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

ஜூலை 27, ஞாயிறு

ட்ரிம் பார்த்தோம். எஞ்சின் இளஞ்சூட்டில், ஐடிலிங்கில் கூட்டல் 24. அப்படியே 2,500 சுற்றுக்கு ஏற்றினால் 9-க்கு இறங்குகிறது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ சோர்ந்திருந்தால் நேர்மாறாக நடக்கும். தேவை கூடக் கூடப் பற்றாக்குறையும் கூடும். இங்கே சும்மா நிற்கும்போதுதான் குறை.

மருமகன் படித்த அமெரிக்கப் பாடத்தில் இதற்கு உடனே விடை: இன்டேக் பக்கம் எங்கோ ஓட்டை, திருட்டுக் காற்று. அது காற்றின் எடையை அளக்கிற சென்சார் உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். நம் சின்ன வண்டியில் அது கிடையாது. மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. ஓட்டை வழியாக வரும் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும். அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். கலவை மெலிவதற்குப் பதில் ஐடிலிங் ஏறும். நமக்கு ஏறவில்லை. "அப்ப எங்க மாமா காத்து வருது?" என்றான். நல்ல கேள்விதான், பதில் அன்றைக்கு இல்லை.

(நாளை ஆண்டாள் தேரோட்டம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போவதே உத்தமம்.)

ஆகஸ்ட் 1, வெள்ளி

அம்மாவுக்குக் கண் காட்ட இந்த வாரம் மதுரைக்கு வண்டியில் போய் வருகிறோம். இன்று திரும்பும்போது விளக்கு தானாக அணைந்திருந்தது. அம்மா ஆண்டாளுக்கு நன்றி சொன்னாள். ஓ.பி.டி. விதிப்படி, தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அதே குறை தென்படாவிட்டால் விளக்கு அணையும். கோடு மட்டும் நினைவில் கிடக்கும். எஞ்சின் நாற்பது முறை குளிர்ந்து சூடான பிறகுதான் அதுவும் போகும்.

எனக்கு இது பெரிய துப்பு. திருமங்கலம் ரோட்டில் முழுச் சூட்டில் ஓடினால் குறை இல்லை. ஊருக்குள் ரெண்டு கிலோமீட்டர் போய் அணைத்தால் குறை உண்டு. சூட்டில் அடைந்து, குளிரில் திறக்கிற ஏதோ ஒன்று.

இந்த விளக்கு யாருக்காக வந்தது என்றும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டம் தாங்காமல் கலிஃபோர்னியாக்காரர்கள் போட்ட விதியிலிருந்து வந்தது இது. 1996-இல் அமெரிக்கா முழுக்கப் புது வண்டிகளில் ஓ.பி.டி.-2 கட்டாயம். என் எஞ்சினுக்கு நோவு என்பதைவிட, பின்னால் வருகிறவன் மூக்குக்கு என்ன போகிறது என்பதுதான் அதன் கவலை. அதனால்தான் வண்டி ஜம்மென்று ஓடும்போதும் எரிகிறது. விஷயமே புகைப் பக்கம் என்றால் நான் ஏன் பானெட்டுக்குள் காற்று வரும் வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

விடியற்காலை, ராத்திரி முழுக்கக் குளிர்ந்த எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் லேசாக டிக் டிக் என்று ஒரு சத்தம். இத்தனை நாள் அதை வால்வுச் சத்தம் என்று விட்டிருந்தேன். மருமகனைச் சைலன்சர் வாயில் நனைத்த சாக்கை வைத்து அழுத்தச் சொன்னேன் (குளிர்ந்த வண்டியில், சில நொடி மட்டும்). புகைக்கு வெளியேற வழி இல்லாமல், எஞ்சின் பக்கம் டிக் டிக் போய் புஸ் என்று சீறியது. ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து மறுமுனையை நகர்த்திக்கொண்டே போனேன். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தில், கடைசி சிலிண்டருக்குப் பக்கத்தில் சத்தம் கூடியது. ஆறிய பிறகு தகரக் கவசத்தைக் கழற்றினால் அங்கே பேக்கிங் ஓரத்தில் கறுப்புக் கரிக்கோடு.

எக்சாஸ்ட் ஓட்டை என்றால் புகை வெளியே போகும் என்றுதான் நினைப்போம். ஐடிலிங்கில் புகை தொடர்ந்து போவதில்லை, துடிதுடியாகப் போகிறது. ரெண்டு துடிப்புக்கு நடுவே உள்ளே அழுத்தம் குறையும்போது அதே ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சும். சற்றுத் தள்ளி இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றை மோந்து, ஆக்சிஜன் கூடுதல் என்று சொல்லும். அது பொய் சொல்லவில்லை. அங்கே நிஜமாகவே ஆக்சிஜன் கூடுதல். கம்ப்யூட்டர் அதை நம்பி வேண்டாத பெட்ரோலைக் கொட்டும். வண்டி மைலேஜ் குறைந்ததற்கு இ20 மட்டும் காரணமில்லை. இரும்பு சூடாகி விரிந்ததும் ஓட்டை மூடிக்கொள்ளும்; மதுரை ரோட்டில் விளக்கு அணைந்தது அப்படித்தான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

லீவு போட்டு, ராஜபாளையத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன். முதலில் சென்சார் வயரைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார். அதைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. பதினான்கு வருடம் வெந்த ஸ்டட்களில் ஒன்று திருகும்போது ஒடிந்து ஹெட்டுக்குள் நின்றுவிட்டது. அலுமினிய ஹெட், துளை போட்டு எடுக்கப் போனால் மரை போய்விடும். மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு பிடித்து, அந்தச் சூடு ஆறுமுன் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து உருவினார். சத்தமில்லாமல் வந்தது. மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கடைசியில் ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைகிறது. வளைந்திருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தி வந்தோம். மில் ஊரில் இந்த வசதிக்குக் குறைவில்லை. நாலு தெருவுக்குள் ஒரு லேத்தாவது கிடைக்கும். புது பேக்கிங், புது ஸ்டட், நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கு. சென்சார் பழையதுதான்.

"இந்தப் பேக்கிங்க மாத்துறதுக்கா அண்ணாச்சி இவ்வளவு நாள் சுத்துனீங்க?" என்றார். அவருக்குச் சத்தம் கேட்டிருந்தால் ஒரே காலையில் முடித்திருப்பார். அவரிடம் போகும்போதெல்லாம் வண்டி சூடாகத்தானே போகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோடு அழித்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி ட்ரிம். ஐடிலிங்கில் கூட்டல் 7. 2,500 சுற்றில் 6. சைபருக்கு வராது. அந்த ஏழு டீக்கடைக்காரர்கள் பங்கு என்று வைத்துக்கொண்டேன். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மழைக்கு முன்னால் ஒருமுறை பார்க்க வேண்டும்; எத்தனால் அவற்றை உப்ப வைக்கும் என்பது டீக்கடைப் பேச்சில்லை.

சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். செகண்ட் ஹேண்டில் ஒரு கார் பேசி வைத்திருக்கிறாராம். "ஒங்க வண்டி மாதிரி லைட்டு கிட்டு ஒண்ணும் எரியல, சுத்தமா இருக்கு" என்றார். போய்ப் பார்த்தோம். சாவியை ஆனில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்தினேன். ஆயில் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது. எஞ்சின் படம் மட்டும் எரியவே இல்லை. நல்ல வண்டியில் அந்த நிலையில் அது கட்டாயம் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல்பை எடுத்திருக்கிறார்கள், அல்லது மேலே ஏதாவது ஒட்டியிருக்கிறார்கள். மருமகன் கருவியைச் செருகினான். கோடு ஒன்றும் இல்லை. ஆனால் வண்டி தன்னைச் சோதித்து முடித்ததற்கான குறிகள் எல்லாமே 'முடியவில்லை' என்று காட்டின. நேற்றோ இன்றோ யாரோ எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள்.

புரோக்கர் வானத்தைப் பார்த்தார். தோப்புக்காரர் அட்வான்ஸ் பணத்தை மறுபடி மடியில் செருகிக்கொண்டு, "சரி, அடுத்த வாரம் பாப்பம்" என்றார். அடுத்த வாரம் வேறொரு வண்டிக்கு என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். விடியற்காலையிலேயே போக வேண்டும், யாரும் ஸ்டார்ட் பண்ணி வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.